தொகுப்பின் பெயர்

எனக்கு வாய் நீளம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்குப் பட்டப்பேர் வைத்து அடி வாங்கினேன், திருந்தவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் அதே வாய்க்கு நாலு பேர் சிரித்தார்கள். அப்புறம் எங்கே திருந்துவது. இப்போது சொல்லப்போவதை என் மனைவியிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. பாதி சொல்லிவிட்டு மீதியை முழுங்கிவிட்டேன்.

புத்தகம், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று எதையாவது வடிவமைக்கிறவர்களுக்கு எழுத்துருவில், ஃபாண்ட் என்பார்களே அதில், தகராறு வந்தால் எங்கள் அலுவலகத்துக்குப் போன் வரும். தகராறு ஒன்றிரண்டல்ல. ஒரே பெயரில் பழசும் புதுசுமாக இரண்டு எழுத்துரு ஒரே கம்ப்யூட்டரில் குடியிருந்துகொண்டு ஒன்றையொன்று முறைக்கும். நேற்று முடித்த பக்கத்தை இன்று திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகப் பல்லைக் காட்டும். வீட்டில் ஒழுங்காக இருந்தது அச்சகத்துக்குப் போனதும் வரி தாவி, வார்த்தை உடைந்து, படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் எங்கள் சர்வரிலிருந்தே சரிசெய்வோம். பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. என் மாமியார் இன்றைக்கும் மருமகன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறார் என்றுதான் சொல்லிக்கொள்கிறார், அது பரவாயில்லை.

போன் செய்கிறவர்களில் பாதிப்பேர் தங்கமானவர்கள். மீதிப்பேர் கழுத்தறுப்பு. ஒருவர் மூவாயிரம் எழுத்துருவை ஏற்றி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சண்டைக்கு வருவார். அவர் பயன்படுத்துவது இரண்டே இரண்டு. அவருக்கு 'மூவாயிரம்' என்று பேர் வைத்தேன். இன்னொருவர் எதைக் கேட்டாலும் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்பார். அவர் 'நேத்துவரைக்கும்'. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் "உங்க மேலாளரைக் கூப்பிடுங்க" என்கிற ஒரு அம்மாளும் உண்டு. அவர் 'நேரா மேலிடம்'. தேநீர் வேளையில் இதையெல்லாம் நடித்துக் காட்டுவேன். ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

பேரை வாயோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எந்தெந்த எழுத்துரு என்று சர்வரில் ஒரு தொகுப்பு இருக்கும். தொகுப்புக்கு ஒரு பெயர் வேண்டும். வாடிக்கையாளர் எண்ணைத்தான் போட வேண்டும் என்பது விதி. எண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? நான் பட்டப்பேரைத் தட்டிவிடுவேன். பக்கத்து மேஜைக்காரர்கள் தேடினால் சட்டென்று கிடைக்கும், கூடவே ஒரு சிரிப்பும் கிடைக்கும். அந்தப் பேர் எங்கள் திரையில் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். போய்ச் சரிபார்த்ததில்லை.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் பாடநூல் போடுகிற ஒரு பதிப்பகம் எங்களிடம் வந்தது. அவர்களுடைய வடிவமைப்பாளர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள். இருபது பேர். எங்கள் கணக்கில் பதிப்பகம் ஒன்று, பதிப்பகம் இரண்டு என்று இருபது எண்கள். பதினேழாம் எண்ணிலிருந்து முதல் போன் ஒரு திங்கட்கிழமை வந்தது. ஒரு அம்மாள். மூன்று நாள் உட்கார்ந்து கட்டிய தொண்ணூற்றாறு பக்கமும் கலைந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் அழுதுவிட்டார். சத்தம் போட்டு அழவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும், "ஒரு நிமிஷம் சார்" என்பதும் மாறி மாறிக் கேட்டது. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தேன். பக்கங்களைச் சரிசெய்து கொடுத்தேன், அதில் குறை வைக்கவில்லை. அவருடைய தொகுப்பை உருவாக்கும்போது பெயர்க் கட்டத்தில் 'அழுமூஞ்சி' என்று தட்டினேன்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு மூன்று தடவையாவது கூப்பிடுவார். "மறுபடியும் போயிடுச்சு சார். ஒரு நாள் இருக்கு, ஒரு நாள் இல்லை." சர்வரில் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

"நீங்க எதையாவது தொட்டீங்களா மேடம்?"

"நான் எதையும் தொடலை சார்."

"தொடாம எப்படி மேடம் போகும்? அதுக்கென்ன காலா இருக்கு?"

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்கும். அப்புறம், "தெரியலை சார், நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்பார். சர்வரின் பதிவேட்டை எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். யார், எப்போது, எதைத் தொட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அதை வரிவரியாகப் படிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அம்மாளுக்குக் கம்ப்யூட்டரே தெரியாது என்று முடிவுகட்டிவிட்டவனுக்கு அரை மணி நேரம் எதற்கு?

இந்த நாடகம் வீட்டுக்கும் வந்தது. சாப்பாட்டு மேஜையில் நான்தான் ஆரம்பித்துவைத்தேன். எட்டு வயது மகள் சீப்பை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, "சார்... மறுபடியும் போயிடுச்சு சார்... நான் எதையும் தொடலை சார்..." என்று இழுப்பாள். மூக்கை எங்கே உறிஞ்ச வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று நானே திருத்திக் கொடுப்பேன். மனைவி மட்டும் ஒருமுறை, "பாவம்ங்க, எதுக்கு அவங்களை?" என்றாள். "நீ ஒரு நாள் அந்தப் போனை எடுத்துப் பாரு, அப்புறம் பேசு" என்றேன்.

போன மாதம் அந்த அம்மாள் வடிவமைத்த மூன்றாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வினை வந்தது. அச்சகத்தில் ஐயாயிரம் தாள் ஓடிய பிறகுதான் ஒருவர் எடுத்துப் பார்த்திருக்கிறார். தலைப்புகள் சரியாக இருக்கின்றன, பாடம் முழுக்க வேறு எழுத்து. செடியின் பாகங்கள் படத்தில் வேரின் பெயர் பூவில் போய் நிற்கிறது, இலையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு கட்டம். தாள் அத்தனையும் குப்பைக்கு. பதிப்பாசிரியர் எங்கள் மேலாளரைக் கூப்பிட்டு, தவறு யாருடையது என்று வியாழக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார். அந்த அம்மாளுடையது என்றால் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் புத்தகமும் வேறு ஆளுக்குப் போகும். ஆளைக்கூடப் பேசி வைத்துவிட்டார்களாம்.

புதன்கிழமை காலையில் அந்த அம்மாளே எனக்குப் போன் செய்தார். அழவில்லை. "சார், எனக்கு இந்த வேலை ஒண்ணுதான் சார் இருக்கு. நீங்க எழுதுறதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்களாம்" என்றார். "இருக்கிறதைத்தான் மேடம் எழுத முடியும்" என்றேன். நியாயஸ்தன் மாதிரி சொன்னேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பதிவேட்டைத் திறந்தேன். பத்து நிமிஷத்தில் அகப்பட்டது. 'பதிப்பகம் 17, தொகுப்பின் பெயர் மாற்றப்பட்டது.' கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. எண்ணினேன். எட்டு மாதத்தில் அறுபத்திரண்டு தடவை. என்னவென்று மாற்றினார் என்பது அதில் இருக்காது, நேரம் மட்டும்தான் இருக்கும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எங்கள் சர்வர் மணிக்கொரு முறை எல்லாத் தொகுப்புகளையும் சுற்றிப் பார்க்கும். தனக்குத் தெரியாத பெயரில் ஒரு தொகுப்பு இருந்தால் அதை அணைத்துவிடும். அறிவியல் புத்தகத்தைப் பக்கம், படம், எழுத்துரு எல்லாம் சேர்த்து ஒரே மூட்டையாக அச்சகத்துக்குக் கட்டிய அன்று இரண்டு நாற்பத்தெட்டுக்குப் பெயரை மாற்றியிருக்கிறார். மூன்று மணிக்குச் சர்வர் அணைத்திருக்கிறது. புத்தகம் பெரியது, கட்டி முடிக்க மூன்றே கால் ஆகியிருக்கிறது. பாதி எழுத்துரு உள்ளே, பாதி வெளியே.

எதையும் தொடலை சார், எதையும் தொடலை சார் என்று எட்டு மாதமாகப் பொய். எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. நேராக மேலாளரிடம் போய், "கையும் களவுமா மாட்டிட்டாங்க சார்" என்றேன். அவர், "நாளைக்கு நேர்ல போய் அந்த மிஷினையும் பார்த்துடுங்க. நாலு மணிக்கு நான் பதிப்பாசிரியர் ரூம்ல இருப்பேன், அங்கயிருந்து கூப்பிடுறோம். நீங்க சொல்றதை அவரே கேட்டுக்கட்டும்" என்றார். பதிவேட்டை அச்செடுத்து, அறுபத்திரண்டு வரிக்கும் மஞ்சள் மை பூசினேன். அதற்கு மட்டும் அரை மணி நேரம் கிடைத்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கதவில் எண் மட்டும் இருந்தது. திறந்தவர் முப்பது வயதுப் பெண். நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "அக்கா, இவர்தானா அது?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு அப்போது புரியவில்லை. நம் பெயர் இந்த வீட்டில் பிரபலம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காக்காரி உள்ளறையிலிருந்து வந்தார். என் மனதில் இருந்த ஆளே இல்லை. உயரமானவர், நரைத்த தலையை இழுத்து முடிந்திருந்தார், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். அறையில் பாதி கட்டில், பாதி மேஜை. கட்டிலின் மேல் இஸ்திரி போட்ட துணி அடுக்கியிருந்தது. சுவரில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் பக்கங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றிலும் பென்சிலால் நுணுக்கமான குறிப்புகள். இந்த ஒழுங்கில் எங்கள் ஆபீஸில் ஒருவரும் வேலை செய்ததில்லை. திரையின் ஓரத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. 'பேரை மாத்து. கட்டு. பேரைத் திரும்பப் போடு. மறக்காதே.'

சீட்டைப் பார்த்ததும் எனக்குள்ளே இருந்த போலீஸ்காரன் எழுந்துவிட்டான். பதிவேட்டை மேஜையில் விரித்தேன்.

"எதையும் தொடலைன்னு சொன்னீங்க மேடம். அறுபத்திரண்டு தடவை தொட்டிருக்கீங்க."

அவர் மஞ்சள் வரிகளைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் கருத்துப்போயிற்று.

"ஆமா சார். பொய்தான் சொன்னேன்" என்றார். "சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"என்ன வெக்கம்? பேரை எதுக்கு மாத்தினீங்க?"

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை, "காட்டுக்கா. நீ ஏன் தலை குனியறே?" என்றார். அந்த அம்மாள் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

ஒரு புத்தகத்தை அச்சகத்துக்குக் கட்டி அனுப்பும்போது கூடவே ஒரு பட்டியல் தானாகப் போகும். இந்தப் புத்தகத்தில் இன்னின்ன எழுத்துரு இருக்கிறது என்று. யாரும் கைவைக்கக் கூடாது என்று அதைப் பூட்டித்தான் அனுப்பும், திருத்த முடியாது. அந்தப் பட்டியலை எங்கள் ஆபீஸில் யாரும் திறந்து பார்த்ததில்லை. அது அச்சகத்துக்காரர்கள் படிப்பது. பதினோரு வருஷத்தில் நானும் பார்த்ததில்லை. முதல்முறையாக அன்றைக்குப் பார்த்தேன். தாளின் தலையில், பெரிய எழுத்தில், தொகுப்பின் பெயர் இருந்தது.

அழுமூஞ்சி.

அதைச் சுற்றி யாரோ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் கண்ணீர் சொட்டுகிற ஒரு பொம்மை முகம் வரைந்திருந்தார்கள்.

"அச்சகத்துல வரைஞ்சு அனுப்பினாங்க சார், ரெண்டாவது வாரம்" என்றார் அவர். "மேற்பார்வையாளர் போன் பண்ணி, 'அழுமூஞ்சிங்கிறது நீங்கதானா மேடம்'னு கேட்டார். பின்னாடி நாலஞ்சு பேர் சிரிச்சாங்க. முதல்ல எனக்கு என்னன்னே புரியலை. அப்புறம் இந்தப் பேர் எங்கேயிருந்து வருதுன்னு தேடினேன். மூணு நாள் ஆச்சு கண்டுபிடிக்க."

மூன்று மெனுவுக்குள் புதைந்திருக்கிற இடம் அது. எங்கள் ஆட்களிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரே தெரியாது என்று நான் ஊரெல்லாம் சொன்ன அம்மாள் தானாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

"மாத்திட்டு அனுப்பினா பட்டியல்ல வேற பேர் வருது. ஆனா மாத்தினா கொஞ்ச நேரத்துல ஃபாண்ட் எல்லாம் போயிடுது. பழைய பேரையே திரும்பப் போட்டாத்தான் வருது. அதனால ஒவ்வொரு தடவையும் கட்டுறதுக்கு முன்னாடி மாத்துவேன், முடிஞ்சதும் திரும்பப் போடுவேன். சில நாள் ஒண்ணும் ஆகாது, சில நாள் நடுவுல போயிடும். ஏன் போகுதுன்னு தெரியாம, பேரைத் திரும்பப் போட்டுட்டு உங்களைக் கூப்பிடுவேன்."

திரும்பப் போடுவேன். நான் கணக்குப் போட்டேன். அறுபத்திரண்டில் பாதி முப்பத்தொன்று. முப்பத்தொரு தடவை இந்த மேஜையில் உட்கார்ந்து, நான் வைத்த பேரைத் தன் கையாலேயே, எழுத்துப் பிசகாமல் தட்டியிருக்கிறார். தட்டினால்தான் அவருக்கு அன்றைய வேலை. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்" என்றேன். என்ன கேள்வி பாருங்கள். அப்போதும் பழியை எங்கேயாவது இறக்கிவைக்கப் பார்க்கிறேன்.

"கேட்டா உங்களுக்குக் கோவம் வரும். அப்புறம் போன் எடுக்கலைன்னா? ஃபாண்ட் போனா உங்களைத் தவிர எனக்கு யார் சார் இருக்கா?" என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "நான் அன்னிக்கு ஒரு நாள்தான் சார் அழுதேன்" என்றார்.

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அவரையும் பார்க்க முடியவில்லை, இவரையும் பார்க்க முடியவில்லை. மஞ்சள் பூசிய தாளை மடித்தேன். மடித்ததை மறுபடி மடித்தேன். மன்னிச்சிடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னேன். அது என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு சின்னதாக இருந்தது.

"நாலு மணிக்குப் போன் வரும் மேடம். நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

அவர் பதறிப்போனார். "அந்தப் பேரை மட்டும் சொல்லிடாதீங்க சார். அங்க எல்லாரும் இருப்பாங்க. அச்சகத்தோட போகட்டும். பதிப்பாசிரியருக்கும் தெரிஞ்சா நான் எந்த முகத்தோட அங்க போய் நிக்கிறது? வேலை போனாலும் பரவாயில்லை, அது வேணாம்."

நான் வைத்த பேருக்கு அவர் வெட்கப்படுகிறார். வெட்கப்பட வேண்டியவன் முந்தின நாள் வரை அதை வைத்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

நாலு அடித்து இரண்டு நிமிஷத்தில் போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டேன். மேலாளரின் குரல் உற்சாகமாக இருந்தது.

"சொல்லுங்க. பெயரை மாத்தினது அவங்கதானே? உறுதியாயிடுச்சா?"

"ஆமா சார். மாத்தினது அவங்கதான்."

அந்த அம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதோடு நிறுத்தியிருந்தால் நான் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. பதிவேடு என் பக்கம். மேலாளர் என் பக்கம். இரண்டு விநாடி அந்த எண்ணமும் வந்து போனது, மறைக்க மாட்டேன்.

"ஆனா மாத்த வெச்சது நான் சார்."

"புரியலை."

"தொகுப்புக்கு எண்ணைப் போடாம அவங்களைக் கிண்டல் பண்ணி ஒரு பேர் வெச்சேன். அது பட்டியல்ல ஏறி அச்சகம் வரைக்கும் போயிருக்கு. அது போகக்கூடாதுன்னுதான் அவங்க மாத்தியிருக்காங்க. சர்வர் பேரைப் பார்த்துத்தான் அணைக்கும்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலை. எட்டு மாசமா கூப்பிட்டுச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் ஒரு தடவைகூடப் பதிவேட்டைப் பார்க்கலை. ஐயாயிரம் தாள் போனதுக்குக் காரணம் நான்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் புதிய குரல், பதிப்பாசிரியர். "என்ன பேர் வெச்சீங்க?"

எத்தனை தேநீருக்குச் சொன்ன பேர்.

"சொல்ல மாட்டேன் சார்."

"என்னது?"

"தப்பு என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பேரைச் சொல்ல மாட்டேன். அதை எட்டு மாசம் சொன்னது போதும்."

தங்கை கட்டிலின் மேல் மெல்ல உட்கார்ந்தார். பதிப்பாசிரியர் கடைசியில், "அச்சகத்துலேருந்து வந்த பழைய பட்டியல் எல்லாம் இங்க ஒரு பெட்டியில இருக்கு. நான் திறந்து பார்க்கப் போறதில்லை. புத்தகங்கள் அவங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லுங்க" என்றார். "அவங்க இங்கதான் இருக்காங்க சார், கேட்டுட்டாங்க" என்றேன். மேலாளர் போனை வைக்கும்போது, "காலையில வந்ததும் என்னைப் பாருங்க" என்றார். அந்தக் குரலில் என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தது. அதற்குப் பயப்படக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை.

அந்த அம்மாள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா, அந்தப் பேரை மாத்திக் கொடுக்க முடியுமா?"

தொந்தரவு இல்லேன்னா. சர்வரில் அது ஒரு நிமிஷ வேலை. எட்டு மாதத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய ஒரு நிமிஷம். என் மடிக்கணினியைத் திறந்து, தொகுப்பைத் தேடி, பெயர்க் கட்டத்தில் இருந்ததை அழித்தேன். இனி மாற்றினாலும் அணையாதபடி பூட்டையும் போட்டேன். வேலை கைக்கு வந்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

"என்ன பேர் போடட்டும் மேடம்? எண்ணைப் போட்டுடட்டுமா, பதினேழுன்னு?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"எண் வேணாம் சார். என் பேரையே போட்டுடுங்க."

"சரி மேடம்" என்று விரலை விசைப்பலகையில் வைத்தேன். விரல் அப்படியே நின்றது. பெயர்க் கட்டத்தில் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் சட்டைப்பையைத் தடவினேன், எதற்கென்று தெரியவில்லை. பதிவேட்டுத் தாளைப் பிரித்துப் பார்த்தேன். அதில் எல்லா வரியிலும் பதினேழு என்றுதான் இருந்தது.

தங்கைதான் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை.

"அக்கா, அவருக்கு உன் பேர் தெரியாது."

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. கவுண்டரில் இருக்கிறவரிடம் சொல்கிற மாதிரி, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, பொறுமையாகத் தன் பெயரைச் சொன்னார். நான் தட்டினேன்.

"சரியா இருக்கா பாருங்க மேடம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, தேவைக்கு மேல் வெகுநேரம் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். பிறகு திரையின் ஓரத்தில் இருந்த துண்டுச்சீட்டைப் பிய்த்து எடுத்து, இழுப்பறையில் அந்தத் தாளின் மேல் வைத்து மூடினார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

வீட்டுக்குப் போனபோது மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "ஒண்ணுமில்லை" என்று செருப்பைக் கழற்றினேன். என் குரலைக் கேட்டதும் மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கையில் சீப்பு. காதில் வைத்து, தலையைச் சாய்த்து, மூக்கை உறிஞ்சி ஆரம்பித்தாள்.

"சார்... மறுபடியும் போயிடுச்சு சார்... நான் எதையும் தொடலை சார்..."

நான் சிரிக்காமல் நின்றேன். அவள் பாதியில் நிறுத்தினாள். சீப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா, சரியா பண்ணலையா?"

சரியாகத்தான் செய்தாள். நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேனோ அப்படியே செய்தாள்.